ஜீப் இன்ஜினை இறக்குமுன் கிரௌன் பல்லை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துக் காபித் தோட்டங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளுக்கு டீசல் இன்ஜின் ஏற்றும் வேலை சேலம் பட்டறைகளில் மும்முரமாக நடக்கிறது. "மலை இழுக்க மாட்டேங்குது, பெரிய இன்ஜினாப் போட்டுடுங்க" என்பார் தோட்டக்காரர். இழுக்காததற்கு இன்ஜின்தான் காரணமா என்று யாரும் பார்ப்பதில்லை. உடனே இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக்கை மாட்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். உயரமான பானெட்டோடு வந்த சிஜே3பி ஜீப்பின் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் 2,199 சிசி. 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்றில்) அதன் டார்க், அதாவது சுழற்றும் விசை, சுமார் 155 நியூட்டன் மீட்டர். அதை இறக்கிவிட்டு வழக்கமாக ஏற்றுவது எம்எம் 540-இல் வந்த பியூஜோ எக்ஸ்டிபி டீசல். 2,112 சிசி, டார்க் சுமார் 120 தான். எரிபொருள் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் இழுவை கூடாது, குறையும். 2,498 சிசி எக்ஸ்டி3பி போட்டால் சுமார் 150 கிடைக்கும். ஆக, இவ்வளவு செலவும் செய்து பழைய இடத்துக்கே வந்து சேர்கிறோம். போதாக்குறைக்கு, ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அங்கே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் ஓடும்.

அதனால் ஹரிக்கேனைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இந்த இன்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கிறது, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றி இன்டேக் வால்வுக்கு 0.018 அங்குல இடைவெளி வைத்துவிட்டு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டு மூடியையும் கழற்றி எக்ஸாஸ்ட்டுக்கு 0.016 வைக்க வேண்டும். எட்டாத இடம் என்பதால் பல வண்டிகளில் அதைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். இடைவெளி இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது, எரிந்துபோகும். 'இழுக்கவில்லை' என்ற புகாரில் பாதி இதுதான்.

அதையும் சரிசெய்து, அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், முதல் கேள்வி இன்ஜின் அல்ல, ஆக்ஸில் விகிதம்: சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் பிராபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌனில் சிஜே3பி-க்கு 43 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 8, அதாவது 5.38. பிந்தைய வண்டிகளின் ஹவுசிங்கில் (ஆக்ஸில் கூட்டில்) 39-க்கு 8, அதாவது 4.88 வரும். ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்: கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள் (மறு சக்கரம் தரையில் நிற்பதால் இந்த இரண்டு சுற்று கிரௌனின் ஒரு சுற்றுக்குச் சமம்). பிராபெல்லர் ஷாஃப்ட்டில் சுண்ணாம்புக் குறி வைத்து எண்ணினால், ஐந்து சுற்றும் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலும் வந்தால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. முன்னாலும் இதேபோல் பார்க்க வேண்டும். பழைய சாமான் கடையில் பின் ஹவுசிங் மட்டும் மலிவாகக் கிடைத்ததென்று 4.88-ஐ மாட்டி, முன்னால் 5.38-ஐ விட்டுவைத்தால், நான்கு சக்கர ஓட்டம் போட்ட நிமிடமே முன்னும் பின்னும் மல்லுக்கு நிற்கும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். காய்ந்த தார் ரோட்டில், முன்-பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் பல்லோ, ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸோ போய்விடும்.

இரண்டையுமே 4.88 ஆக்கினால் ஹைவேயில் சுகம். மலைக்கு அது ஆகாது. அடிவாரத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. 6.00-16 டயரில், மணிக்கு 15 கிலோமீட்டரில் வளைவைத் திரும்பி வெளியே வரும்போது, பழைய மூன்று கியர் பெட்டியின் செகண்டில் (1.55) இன்ஜின் சுமார் 950 ஆர்பிஎம்மில் இருக்கும். 4.88 போட்டால் அதுவே 860. டீசல் திணறி, கறுப்புப் புகை கக்கும். ஃபர்ஸ்ட்டுக்கு இறக்கலாமென்றால் அந்தப் பெட்டியில் ஃபர்ஸ்ட்டுக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் கியர் கடிக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓட்டத்தில் போட்டால் பல் கடிக்கும். எனவே தோட்ட வண்டிக்கு என் முடிவு: 5.38-ஐத் தொடாதீர்கள், நாலு கியர் பெட்டிக்குப் பணம் போடுங்கள்.

பெட்டியை மாற்றும்போதும் பழைய டிரான்ஸ்பர் கேஸோடு பொருந்துவதாகத் தேடுங்கள். இந்த ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸின் அவுட்புட் வலப்புறம் தள்ளியிருக்கும். முன்னும் பின்னும் கிரௌன் இருக்கும் டிஃபரென்ஷியல் குண்டும் வலப்புறமே. நடுவில் அவுட்புட் வரும் பெட்டியை வைத்தால் பின் ஹவுசிங்கையே மாற்ற நேரும். நாலு கியர் பெட்டி நீளம் கூட என்பதால் டிரான்ஸ்பர் கேஸ் பின்னால் போகும். 80 அங்குல வீல்பேஸில் பின் பிராபெல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. இன்னும் குட்டையானால் கோணம் ஏறி கிராஸ் அடிக்கடி உடையும். ஷாஃப்ட்டை வெட்டிப் பற்றவைக்கும்போது கிராஸைப் பிடிக்கும் இரு முனை யோக்கும் (கவையும்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு ஸ்பிளைன் பல் தவறினாலே அதிர்வு தொடங்கிவிடும்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைவது நம்மூர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் போல்ட் துளை பொருந்தினால் போதுமென்று நினைக்கிறார்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் (ஆட்டத்தை அளக்கும் ஊசி மீட்டரை) கட்டி, கிளட்ச்சை மூடும் பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றி ஒரு முழுச்சுற்று ஓட்டிப் பாருங்கள், ஊசி 0.010 அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் ஒருபக்கம் தேயும், கிளட்ச் பிளேட்டின் ஹப் விரியும், கியர் தானாகக் கழன்று வரும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

ரேடியேட்டர் விஷயம் சுருக்கமாக: மலையேற்றத்தில் எதிர்காற்று கிடையாது, ஃபேன்தான் எல்லாம். ஃபேனைச் சுற்றியிருக்கும் கவுல் (காற்றுக்கூடு) இல்லாமல் ஓட்டாதீர்கள். சூடாகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்.

பிரேக்கில்தான் எனக்குப் பயம். மூல வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம், ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (ஓரிடத்தில் பிரேக் ஆயில் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்). பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை விட்டால் காற்றுத் தகடு மூடி இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். பெரும்பாலான டீசல்களில் அந்தத் தகடு இல்லை. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு குறையும், முன்பக்க எடையோ கூடியிருக்கும். எனவே இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரும் வேக்கம் பூஸ்டரும் இன்ஜினோடு சேர்ந்தே ஏற வேண்டும். ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கிறது. பின் கிராஸ் உடைந்தால் வண்டியைப் பின்பக்கம் பிடித்து நிறுத்த அதுவும் உதவாது. அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள்தான் போகும். பின் ஹப் நட்டையும் 150 அடி-பவுண்டுக்கு இறுக்கி, காட்டர் பின் (நட்டைப் பூட்டும் கம்பி) போடுங்கள். தளர்ந்தால், ஆக்ஸிலின் கூம்பு முனையில் (டேப்பரில்) ஹப்பைப் பிடித்திருக்கும் 'கீ' என்ற இரும்புத் துண்டு அறுந்து, இன்ஜின் சுற்றும், சக்கரம் நிற்கும்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓவின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும். 50 வயது தாண்டிய ஜீப்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு விதி, இன்ஜினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு மட்டுமே. பாதி நாள் ஷெட்டில் நிற்கும் அசல் வண்டிக்கு டீசல் ஏற்றுவது கையிலுள்ள தகுதியைத் தூக்கி எறிவதுதான்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பில்லில் 'இன்ஜின் மாற்றியது' என்று ஒரே வரியில் முடிக்காமல், இன்ஜின் எண், அது வாங்கிய ரசீதின் விவரம், கியர்பாக்ஸ் வகை, முன்-பின் கிரௌன் பல் எண்ணிக்கை, எந்த வண்டியின் கிளட்ச் பிளேட், எந்த அளவு கிராஸ் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்த வண்டிக்குக் கீழே படுப்பவருக்கு வேறு துணை இல்லை.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர்,
கோரிமேடு, சேலம்.