அந்த 100 யூனிட் எங்களுக்கு வரவில்லை: தேர்தல் அறிக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளிலும் தேர்தல் அறிக்கைக் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எந்தக் கட்சியின் கார்டும் என்னிடம் இல்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, புதிதாக வந்த கட்சி என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம் என்று அரசு கொடுப்பது, வாடகை வீட்டில் இருக்கும் எங்களுக்கு வந்து சேர்வதில்லை. இதை உங்களில் யாருடைய மேடையிலும் இதுவரை கேட்டதில்லை.

சமீபத்தில் எங்கள் பகுதியில் ஒரு கட்சி, அறிக்கைக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. முன்வரிசையில் தொழில் சங்கத்தார், வியாபாரிகள், டாக்டர்கள். மாநில வளர்ச்சி எவ்வளவு, கடன் எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு என்று மாறி மாறிப் பேசினார்கள். கடைசியில் பின்னால் நின்ற பெண்கள் பக்கம் மைக் வந்தது. வாடகை வீட்டு கரண்ட் காசைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததுமே, மைக் கொண்டுவந்த தம்பி, “அது உங்களுக்கும் ஹவுஸ் ஓனருக்கும் உள்ள விவகாரங்க அக்கா, மாநில அளவுல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பேச்சுதான் இன்னும் மனதை அறுக்கிறது. இது மாநில அளவு விவகாரம்தான் என்று உங்களுக்குக் காட்டவே இந்த மடல்.

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். மெயின் மீட்டர் ஓனர் பெயரில். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஒரு சப்-மீட்டர். மாதம் பிறந்ததும் ஓனர் வீட்டு ஆள் வந்து ரீடிங் பார்த்து, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று பெருக்கி, வாடகையோடு வாங்கிக்கொண்டு போவார். தண்ணீர் மோட்டாருக்குத் தனிக் காசு. பக்கத்துச் சந்தில் ஒன்பது ரூபாய். எட்டு ரூபாய் வாங்குகிறவருக்கு நல்ல ஓனர் என்று பெயர்.

எங்கள் வீட்டில் இரண்டு ஃபேன், இரண்டு லைட், ஒரு டிவி, ஒரு மிக்ஸி, சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மீட்டர் இருப்பவருக்கு அதில் முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80 யூனிட்டும் சலுகை விலையில் வரும். அவர் கட்ட வேண்டியது சுமார் 200 ரூபாய். அதே 180 யூனிட்டுக்கு நான் கொடுப்பது 1,800 ரூபாய். மூன்று ஏசி ஓடுகிற பங்களாவுக்கும் முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை. எனக்கு முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய்.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றால் உங்களுக்கு எப்படித் தோன்றுமோ தெரியாது. எனக்கு அது கிட்டத்தட்ட நாலு ஷிப்ட் சம்பளம். சித்திரை, வைகாசியில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே ஒரு அறையின் ஃபேனை நிறுத்திவிட்டு, நாலு பேரும் இன்னொரு அறையில் நெருக்கிக்கொண்டு படுக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ராத்திரி படிக்க உட்கார்ந்தால், லைட்டும் ஃபேனும் ஓடுகிறதே என்று எனக்கே ஒரு கணக்கு மனதில் ஓடுகிறது. பெற்ற பிள்ளை படிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் யூனிட்டை எண்ண வைத்திருக்கிறீர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஓனரைத் திட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எட்டுக் குடித்தனமும் ஒரே மீட்டரில் ஓடினால் இரண்டு மாதத்தில் 1,000 யூனிட் தாண்டிவிடும். 500 தாண்டியதுமே சலுகை குறைகிறது. 1,000 தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல். எட்டு ஏழைகள் ஒரே மீட்டரில் சேர்ந்தால் ஒரு பணக்காரர் என்று எழுதிவைத்திருக்கிறது உங்கள் கட்டணப் பட்டியல். நியாயமான ஓனரே ஆனாலும் அவரும் என்ன செய்வார்? ஆனால் குடித்தனத்துக்கு ஒரு சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்பு என்று தனித்தனியாக வாங்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் 100 யூனிட் இலவசமாக வருகிறது. அப்படி இருந்தும் குடித்தனக்காரர்களிடம் முதல் யூனிட்டிலிருந்து முழு விலை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடித்தனக்காரருக்கென்று அரசு கொடுக்கும் மானியம் ஓனரின் வரவுக் கணக்கில் சேர்கிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்துக்கும் அந்த 100 யூனிட் நேராகக் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் ஓடுவதற்கு அரசு விலைதான் இருக்க வேண்டும்.

2016 மே 23ஆம் தேதி முதல்வராகப் பொறுப்பேற்ற அன்றே ஜெயலலிதா அம்மையார் 100 யூனிட் இலவசத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு வந்த எல்லா ஆட்சியும் அதைத் தொடர்கிறது. நாங்கள் கொடுத்தோம் என்று ஒரு கட்சியும், நாங்கள் நிறுத்தாமல் கொடுக்கிறோம் என்று இன்னொரு கட்சியும் சொல்கின்றன. 2021 தேர்தலில் தி.மு.க. மாதந்தோறும் மின் கணக்கெடுப்போம் என்று எழுதியது. இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். அ.தி.மு.க. அதே தேர்தலில் வீட்டுக்கு ஒரு வாஷிங்மெஷின் என்றது. எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு குளியலறை இருக்கிற லைனில் அதை எங்கே வைப்பது, அதற்கு ஓடும் கரண்டுக்கு யார் கொடுப்பது என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லையா? 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் கட்டணம் ஏறியபோது எங்கள் சப்-மீட்டர் விலையும் ஏறியது. 2025 ஜூலையில் வீடுகளுக்கு உயர்வு இல்லை, அரசே ஏற்கிறது என்று அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் எங்கள் வாசலில் விலை குறைந்ததா என்று வந்து பார்த்த அதிகாரி யாருமில்லை.

நன்றி மறந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறேன். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் வருகிறது. அது எனக்கு மரியாதை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு மாதத்துக்கு 2,000 ரூபாய் வருகிறது. அதே இரண்டு மாதத்தில் 1,800 ரூபாய் சப்-மீட்டர் வழியாகப் போகிறது. 2023இல் அந்த உரிமைத் தொகை விண்ணப்பத்தோடு கரண்ட் பில்லும் கேட்டார்கள். வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீட்டுக்குக் கிடையாது என்பது விதி. எங்கள் லைன் மீட்டரில் அது ஒரு வருடத்துக்குள் எப்போதோ தாண்டிவிடும். எங்கள் பெயரில் பில்லே இல்லாதபோது எந்த மீட்டரின் நம்பரை எழுதுவது என்று முகாம் வாசலில் நின்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்ன காலத்திலும் இதே கதைதான். ஓனர் தன் ஆதாரைக் கொடுத்தார், வேலை முடிந்தது. அரசாங்கக் காகிதத்தில் இந்த லைனில் ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகப் பேசுவதற்கு மன்னியுங்கள். 2024-25இல் மாநிலம் 11.19 சதவீதம் வளர்ந்தது என்கிறீர்கள். 2030க்குள் ஒரு ட்ரில்லியன் டாலர் பொருளாதாரம் என்கிறீர்கள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. மிஷினில் உட்கார்ந்து அந்த வளர்ச்சியைத் தைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எதிர்க்கட்சியினர் மாநிலத்தின் கடன் இத்தனை லட்சம் கோடி என்கிறார்கள். என் கடன் எவ்வளவு என்று என்னை எந்தக் கட்சியும் கேட்டதில்லை. தில்லியில் இருப்பவர்கள் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள். வாரச் சம்பளம் வாங்குகிற வீட்டில் அதைக் கேட்டு யார் சிரிப்பது, யார் அழுவது? 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள். அது எங்களுக்கு உடனே புரிந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 27 முதல் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் நின்று, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது, சில வாரம் மூன்று நாள் வேலையானது. திருப்பூருக்கு எத்தனை கோடி நஷ்டம் என்று எல்லாக் கட்சியும் பேசியது. நவம்பரில் ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களின் கடன் தவணைக்கு அவகாசம் கொடுத்தது. கொடுக்கட்டும், கம்பெனி நின்றால் முதலில் நிற்பது நாங்கள்தான். ஆனால் மகளிர் குழுவில் நாங்கள் வாங்கிய கடனுக்கு ஒரு வாரம்கூட யாரும் அவகாசம் கேட்கவில்லை. வேலை இல்லாத அந்த வாரங்களிலும் வாடகை முழுசு, கரண்ட் காசு முழுசு.

நாங்கள் ஏன் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் லைனில் தேனிக்காரர்கள், ராமநாதபுரத்துக்காரர்கள், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள். பலருக்கு ஓட்டு ஒரு ஊரில், வாடகை இன்னொரு ஊரில். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் வார்டு மாறிவிடும். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பரில் வந்த வரைவில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லாமல் போயின. வீடு மாறியவர்கள்தான் அதில் பெரும்பகுதி என்று சொன்னார்கள். வீடு மாறியவர்கள் என்றால் யார்? பெரும்பாலும் எங்களைப் போன்ற வாடகைக்காரர்கள். இந்த லைனில் யாரும் நிலையாக இருக்கமாட்டார்கள் என்று உங்கள் பூத் ஏஜெண்டுக்குத் தெரியும். அதனால் ஓட்டுக் கேட்க வந்தாலும் ஓனர் வீட்டுத் திண்ணையோடு போய்விடுகிறார்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. தில்லியில் 2019இல் வாடகைக்காரர்களுக்கென்றே தனியாக ப்ரீபெய்ட் மீட்டர் திட்டம் கொண்டுவந்து, மானியம் அவர்களுக்கே சேர வழி செய்தார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் 2023இல் வீட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்தபோது வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியே தொடங்கினார்கள். அவர்கள் செய்ததை, எல்லாத் திட்டத்திலும் நாங்கள்தான் முன்னோடி என்கிற நம் மாநிலம் ஏன் செய்யக்கூடாது?

அப்படிச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2017ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019இலிருந்து நடைமுறையிலும் இருக்கிறது. எங்கள் லைனில் அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. பதிவு செய்த ஒப்பந்தம் கொண்டு வா, ஓனர் கையெழுத்துக் கொண்டு வா என்று விதி எழுதினீர்களானால், திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். கேட்டுப் போனால் அடுத்த மாதமே வீட்டைக் காலி பண்ணு என்பார்கள். அட்வான்ஸ் பணத்தைத் திருப்பி வாங்கவே தவமிருக்க வேண்டும். கம்பெனி அடையாள அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று, வார்டு அலுவலர் நேரில் வந்து பார்த்து எழுதுவது, இதில் ஏதாவது ஒன்று போதும் என்று வையுங்கள். ஒரே மீட்டரில் பல குடித்தனம் இருக்கும் இடத்தில், கட்டணத்தைக் குடித்தன எண்ணிக்கைக்குப் பிரித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சப்-மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று ஒரு விலையை எழுதி, அதைத் தெருவில் தெரியும்படி ஒட்டுங்கள். புகார் கொடுத்தவர்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது என்ற பாதுகாப்பும் அதோடு வேண்டும்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். வாடகை வீட்டுக்கும் அந்த 100 யூனிட். உங்கள் அறிக்கையில் வளர்ச்சியைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், இந்த ஒரு வரிக்கும் இடம் கொடுங்கள். எழுதினால் எப்போதிலிருந்து என்று தேதியும் போடுங்கள். தேதி இல்லாத வாக்குறுதியை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

குழுவிலிருந்து யாராவது நேரில் வந்து பார்ப்பதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் எல்லோரும் ஷிப்டில் இருப்போம். ரீடிங் எழுதிய நோட்டுகளை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்து வைத்திருக்கிறோம். ஓனர் பெயரைக் கேட்காமல் நோட்டை மட்டும் பார்ப்பதாக இருந்தால் எல்லோரும் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
திருப்பூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு பனியன் கம்பெனி டெய்லர்