கேள்வி கேட்க ஆங்கிலம் வேண்டாம்

அன்புள்ள கயல்,

மெக்சிகோவின் குவாதலஹாராவில் வீடு அமைந்துவிட்டது என்று கேட்டதில் நிம்மதி. ஸ்பானிஷில் பதில் சொல்ல வருகிறது, கேள்வி கேட்கத்தான் வாய் வரவில்லை என்றாயே, என் வகுப்பிலும் எல்லோரும் தடுக்குவது அங்கேதான். கேள்வியை முதலில் ஆங்கிலத்தில் கட்டி, அப்புறம் ஸ்பானிஷுக்கு மாற்றப் பார்ப்பார்கள். ஆங்கிலத்தின் 'டூ', 'டஸ்' இரண்டுக்கும் அங்கே வேலையே இல்லை. தேடாதே.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குக் குரல் போதும். 'த்ரபாஹாஸ் அகீ' என்று குரலை இறக்கி முடித்தால் 'நீ இங்கே வேலை பார்க்கிறாய்'. ஏற்றி முடித்தால் 'பார்க்கிறாயா?'. நமக்காவது ஓர் 'ஆ' ஒட்ட வேண்டும், அவர்களுக்கு அதுவும் வேண்டாம். எழுத்தில்தான் சிக்கல். நீளமான வாக்கியத்தில் கேள்வி எங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்பானிஷுக்கு எழுத்து விதி வகுக்கும் ஸ்பானிய அரச அகாதமி 1754இல் தொடக்கத்திலும் ஒரு கேள்விக்குறியைத் தலைகீழாகப் போடச் சொன்னது. செல்போனில் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அலுவலக மின்னஞ்சலில் நீ விடாதே.

'எங்கே', 'எப்போது' வகைக் கேள்வியில் கேள்விச் சொல் முதலில், அடுத்து வினை, ஆள் அதற்குப் பிறகு: 'தோந்தே த்ரபாஹா ஆனா?' ஆனா எங்கே வேலை பார்க்கிறாள் என்று அர்த்தம். போர்ட்டோ ரிக்கோக்காரர் யாராவது 'கே தூ கியேரெஸ்?' (உனக்கு என்ன வேண்டும்?) என்று ஆளை வினைக்கு முன்னால் வைத்தால் திருத்தப் போகாதே. கரீபியப் பேச்சு அப்படித்தான்.

'எங்கிருந்து', 'யாரோடு' என்று தமிழில் உருபு கேள்விச் சொல்லை விட்டுப் பிரியாது. ஸ்பானிஷிலும் பிரியாது, முன்னால் நிற்கும், அவ்வளவுதான்: 'தே தோந்தே', 'கோன் கியென்'. ஆங்கிலப் பழக்கத்தில் அந்த 'தே'யை வாக்கியத்தின் வாலில் போட்டுவிடாதே.

தமிழே காலை வாரும் இடமும் உண்டு. 'உன் முகவரி என்ன?' என்பதில் 'என்ன'வுக்கு 'கே' போட்டால், முகவரி என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டதுபோல் ஆகிவிடும். 'எது' என்னும் 'குவால்' போட்டு 'குவால் எஸ் து திரெக்ஸியோன்?' என்று கேள். பெயருக்கும் போன் நம்பருக்கும் 'குவால்'தான்.

சான் ஹுவான் தே தியோஸ் சந்தையில் விலை கேட்க 'குவாந்தோ குவெஸ்தா?' போதும். எத்தனை என்று கேட்கும்போது மட்டும் பொருளின் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்று பார்: 'குவாந்தோஸ் தாகோஸ்', ஆனால் 'குவாந்தாஸ் தோர்தியாஸ்'. வயதான கடைக்காரரிடம் 'தூ' வேண்டாம், 'உஸ்தெத்'. நீ, நீங்கள் வித்தியாசத்தை உனக்கா சொல்லித்தர வேண்டும்? காதில் சரியாக விழாவிட்டால் வெறும் 'கே?' என்று கேட்காதே, மெக்சிகோவில் மரியாதைக்கு 'மாந்தே?' என்பார்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஸ்பானிஷில் கேள். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் 'சீ', அதாவது 'ஆம்', ஒன்றுதான், அதனால் பணம் ஏதும் வேண்டுமென்றால் அவரிடமே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா