முதல் நிலை மாண்டரின் வகுப்பில் என்னை உட்கார விடுங்கள்

மதிப்புக்குரிய மொழி மையத் தலைவர் அவர்களுக்கும் மாண்டரின் பிரிவு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். இதே விஷயத்தை மலாயில் இரண்டு முறை எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: சீன வம்சாவளி மாணவர்கள் முதல் நிலை மாண்டரின் எடுக்க விதியில் இடமில்லை. அதனால் இந்த முறை, நான் முதன்முதலில் எழுதப் பழகிய மொழியில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த விதி எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும். சீனப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர்கள், 'நி ஹாவ்' என்று வணக்கம் சொல்லித்தரும் வகுப்பில் உட்கார்ந்து சுலபமாக 'ஏ' வாங்கிக்கொண்டு போவது நியாயமில்லை. சரி. ஆனால் பதிவுப் பாரத்தில் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று நீங்கள் கேட்கவில்லையே. பெற்றோரில் யாராவது சீனரா என்றுதான் கேட்டிருந்தீர்கள். அம்மா சீனர். 'ஆம்' என்று குறித்தேன். அந்த ஒரு குறிக்காக என்னைத் தாய்மொழியாளர் குழுவில் சேர்த்துவிட்டீர்கள்.

அப்பா தமிழர். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில், அப்புறம் தேசிய இடைநிலைப்பள்ளியில். அம்மா மலேசியாவின் ஈப்போவில் பிறந்த கண்டோனீஸ்காரர். கண்டோனீஸ் தென்சீனத்து மொழி, மாண்டரின் வேறு. மலாய்ப் பள்ளியில் படித்ததால் அவருக்கே சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் மாண்டரின் பேசியதில்லை. எனக்குத் தெரிந்த சீனமெல்லாம் அம்மாவின் அம்மாவிடம், எங்கள் போபோவிடம், கேட்டுப் பழகிய கண்டோனீஸ்தான். சாப்பிட வா, குளித்துவிட்டு வா, மழை வருகிறது துணியை எடு. அவ்வளவுதான்.

நீங்கள் மொழியாசிரியர்கள். இது போதாது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாப்பிடுவதற்குப் போபோ 'சிக்' என்பார். வகுப்பில் அது 'ச்சி'. இரண்டுக்கும் எழுத்தே வேறு. பத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஆனால் போபோ வாயில் அது 'சப்', வகுப்பில் 'ஷி'. கண்டோனீஸின் ஆறு தொனியில் பழகிய காது எனக்கு. மாண்டரினின் நான்கு தொனியை நான் ஆரம்பத்திலிருந்து பழகவேண்டும். பின்யின், அதாவது ஆங்கில எழுத்தில் எழுதிய உச்சரிப்பு, அதுகூட இல்லாமல் ஒரு பக்கக் கட்டுரையைக் கையில் கொடுத்து, எழுந்து நின்று வாசி என்றால் நான் எதை வாசிப்பேன்?

இரண்டாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். 'என்னை வளர்த்தவர்' என்ற தலைப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசவேண்டும். மூன்று இரவு உட்கார்ந்து, கைப்பேசியில் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் வாக்கியம்: என்னை வளர்த்த போபோ போன வருடம் இறந்துவிட்டார். சீனாவிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர் வியப்போடு கேட்டார், உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று. வகுப்பே சிரித்தது. என்ன கேட்டார் என்பதுகூட எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் மலாயில் சொன்னார்: பாடநூல் மாண்டரினில் போபோ என்றால் மாமியாராம், கணவனைப் பெற்றவராம். அம்மாவின் அம்மாவை 'வாய்போ' என்று சொல்லவேண்டுமாம்.

மீதி வாக்கியங்களை நான் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அம்மா வேலைக்குப் போனபின் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர், பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றவர். அவரைப் பற்றிப் பேச நின்ற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. என் வாயிலிருந்து வந்ததை அவர் தனக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டார். என்னை அந்த வகுப்பில் நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம்.

'வாய்போ' என்ற சொல் முதல் நிலைப் புத்தகத்தில், குடும்பம் என்ற பாடத்திலேயே இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவள் என் அறைத்தோழி. அவளுடைய அப்பா, அம்மா இருவரும் தமிழர்கள். ஆனால் அவள் படித்தது சீனப்பள்ளியில், முழுதாக ஆறு வருடம். பாரத்தில் 'இல்லை' என்று உண்மையைத்தான் குறித்தாள். அவளுக்கு முதல் நிலை கிடைத்தது. நானும் உண்மையைத்தான் குறித்தேன். வம்சத்தைப் பார்க்காதீர்கள், மாணவருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் இனப்படி நான் இந்தியர். வேறு சில பாரங்களில் நான் 'லாயின்-லாயின்', அதாவது 'மற்றவர்'. உங்கள் பாரத்தில் மட்டும் சீனர். எங்களைப் போன்றவர்களுக்குச் சிண்டியன் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, எந்தப் பாரத்திலும் ஒரு கட்டம் கிடையாது. சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் நாளன்று, போன முறை, போபோவின் கல்லறையைக் கழுவிவிட்டு அம்மாவும் நானும் நின்றோம். கல்லில் சிவப்பு எழுத்துகள். அதில் எது போபோவின் பெயர் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மாமா வந்து விரலால் தொட்டுக் காட்டினார். நான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்கு. அம்மாவின் மொழியைப் பிள்ளை பிறக்கும்போதே கொண்டு வந்துவிடும் என்று எங்களைப் பற்றி ஆளாளுக்குத் தீர்மானிக்கிறீர்கள். கற்றுக்கொள்ள வந்தவளிடம், உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறீர்கள்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சேர்வதற்கு முன் எல்லாருக்கும் பத்து நிமிடத் தேர்வு ஒன்று வையுங்கள். கொஞ்சம் கேட்கச் சொல்லுங்கள், கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் யார் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எந்தப் பள்ளியில் எத்தனை வருடம் மாண்டரின் படித்தாய் என்று கேளுங்கள். அடுத்த தவணைக்கு வரும் பிள்ளைகளுக்காவது அது உதவும்.

என் விஷயம் அதுவரை காத்திருக்க முடியாது. பாடத்தை மாற்றிக்கொள்ளும் பதிவு வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. அதற்குள் எந்த நாள், எந்த நேரம் கூப்பிட்டாலும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து தேர்வு எழுதத் தயாராக இருக்கிறேன். தயவுசெய்து என்னை முதல் நிலைக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தாய்மொழியாளர் குழுவில் இருக்கும்
இரண்டாம் ஆண்டு மாணவி