திருவிருந்துக்கு முந்திய ஞாயிறு: குருமாருக்கு ஒரு மடல்

திருநெல்வேலித் திருமண்டலத்தின் சேகர குருமாருக்கும் சேகர மன்றத்தாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

இடையன்குடிப் பக்கத்தில் பனையை நம்பிப் பிழைக்கும் சபையான் நான். பதினோரு ஆண்டுகளுக்கு முன், பெரியப்பா மகன் பம்பாயில் இருந்த சமயத்தில், எங்கள் இருவர் பனைவிளைக்கும் நடுவில் கிடந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி, இரண்டு பனை என் பக்கம் விழும்படி தள்ளி நட்டேன். லெந்து என்னும் தவக்காலம் தொடங்கும் அடுத்த சாம்பற்புதனில், 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் அந்த நாளுக்கென்று உள்ள முறைப்படி, பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று எங்கள் சபைக் குருவாகிய ஐயர் வாசித்தார். சபையோடு சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

குற்ற உணர்வு இல்லாமலில்லை. லெந்து நாட்களில் உபவாசித்தேன், அழுதேன், அசனத்துக்கு, அதாவது சபையின் பொதுவிருந்துக்கு, அரிசி மூட்டை கொடுத்தேன். பொதுப் பாவ அறிக்கையில் ‘நாங்கள்’ என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கல்லை ஊரார் பாவத்தோடு கலந்துவிட்டு, திருவிருந்தில் கையேந்தி அப்பத்தை வாங்கிக்கொண்டேன். தேவனுக்கேற்ற துக்கம் வேறு, லௌகிக துக்கம் வேறு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருந்தும், என் கண்ணீர் எந்த வகை என்று நான் பார்க்கவில்லை.

சென்ற லெந்தில் அந்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முற்றத்தில் நார்க்கட்டில் பின்னிக்கொண்டிருந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நாரிலிருந்து கையை எடுக்காமல், “கல்ல முதல்ல இருந்த எடத்துல கொண்டு வையி, பொறவு பேசுவோம்” என்றார். மறுநாள் கடப்பாரையோடு போனேன். பனைவேர் சுற்றிப் பிடித்திருந்ததால் கல்லை அசைக்கவே அரைநாள் ஆயிற்று. பதினோரு ஆண்டுப் பதநீருக்குக் கணக்குப் பார்த்து, எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் சொல்லுகிறபடி ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை.

இதை வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன். திருவிருந்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் வாசிக்கவேண்டிய எச்சரிப்பு ஒன்று அதே ஜெபப்புத்தகத்தில் இருக்கிறது. அயலானுக்கு அநியாயம் செய்தவன் ஒப்புரவாகி, தன்னால் ஆனமட்டும் ஈடுசெய்ய வேண்டும் என்றும், மனச்சாட்சி அமைதி அடையாதவன் குருவிடம் தனியே வந்து தன் துயரத்தைத் திறந்து சொல்லலாம் என்றும் அது அழைக்கிறது. தயவுசெய்து அதைத் தவறாமல் வாசியுங்கள். வாசித்த அந்த வாரத்தில், மாலை வேளையில் குருமனைக் கதவு திறந்திருக்கும் என்றும் சொல்லுங்கள். நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று ஆயக்காரனாகிய சகேயு சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் ஆண்டவர். ஏழு நாளுக்குள் ஒருவன் கடப்பாரையைத் தேடி எடுக்கட்டும்.

மேலும் ஒன்று, இதை மன்றாட்டாகவே எழுதுகிறேன். கிறிஸ்தவனானால் மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று காயப்பட்டவனை அவசரப்படுத்தாதிருங்கள். சபையார் சிலர் என் அண்ணனிடம் அப்படிப் பேசியதாகக் கேள்விப்பட்டு வெட்கப்பட்டேன். குற்றம் செய்த நான் பதினோரு ஆண்டு எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பதினோரு மாதமாவது கொடுங்கள். அவரைப் பார்க்கப் போனால் எனக்காகப் பரிந்து பேசவேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு பனையைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சபையான் ஒருவன்