கொடி எட்டவில்லை என்று எழுதியிருந்தாயே

குடியாத்தம்
ஜூன் 14

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்து நான்கு நாளாகிறது. பேரனுக்குப் பெயர் வைத்ததையும் ஓசூர்ச் சாரலையும் படித்து மகிழ்ந்துகொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றுவிட்டேன். துணி காயப்போடக் கொடி எட்டவில்லை, மருமகள் ஏற்றிக் கட்டிவிட்டாளோ என்று பார்த்தால் அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ போகிற போக்கில் எழுதிவிட்டாய். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூச்சிரைப்புக்கு நீ இரண்டு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவதும், அது எலும்பை மெலியவைக்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

என் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். ஒரு பொங்கலின்போது அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கியவர் "முதுகில் பிடித்துக்கொண்டது" என்று உட்கார்ந்துவிட்டார். தைலம் தேய்த்தோம், வலி குறைந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் குனிந்துகொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே பேசினார். வயதானால் கூன் விழும் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். மெலிந்துபோன முதுகெலும்பு கனமான ஒன்றைத் தூக்கினாலே நொறுங்கிவிடும், பல சமயம் வலிகூடப் பெரிதாக இருக்காது, அப்படி ஒவ்வொன்றாக நசுங்கித்தான் உயரம் குறைகிறது என்று எனக்குத் தெரிந்தபோது அம்மா இல்லை. அன்றைக்கு அண்டாவோடு உட்கார்ந்தாரே, அது சுளுக்கே இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

எனக்கும் இந்த எலும்புப்புரை நோய் இருப்பது எலும்பு முறிந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே கல்யாண மண்டபத்தில் ஒரு இலவச முகாம் நடந்தது. குதிகாலில் ஜெல் தடவி ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்தார்கள். நான் நம்பினேன். அடுத்த மழைக்காலத்தில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரத்தில் பிரித்து, போகலாம் என்றார்கள். நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கையைப் பழக்க வந்த பிசியோதெரபிப் பெண்தான், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டாள். குதிகாலில் அல்ட்ராசவுண்டு பார்ப்பது யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று சொல்ல ஓரளவு உதவும், அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னாள்.

வேலூருக்குப் பஸ் ஏறினேன். ஆற்காடு சாலை நீ பார்த்ததைப் போல இல்லை. வங்காள எழுத்தில் பலகை வைத்த விடுதிகளும் மருந்துக்கடைகளும் வரிசையாக நிற்கின்றன. ஸ்கேன் அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஒரு வங்காள அம்மா தன் மகளோடு உட்கார்ந்திருந்தார், முதுகு வில்லாக வளைந்து. எங்களுக்குள் பேசப் பொதுவாய் ஒரு மொழி இல்லை. என் மணிக்கட்டைத் தொட்டுத் தடவிக்கொடுத்தார்.

ஸ்கேனைப் பற்றி நீ பயப்பட ஒன்றுமில்லை. குகை மாதிரி இயந்திரத்துக்குள் தள்ள மாட்டார்கள், ஊசி கிடையாது. சேலை ஊக்கு, சாவிக்கொத்து, உலோகக் கொக்கி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. முந்தைய நாளே கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். திறந்த மேசையில் மல்லாந்து படுத்து, கால்களை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டால், மேலே ஒரு கை மெதுவாக நகர்ந்துபோகும். இடுப்புக்கு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவார்கள். கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம். இரண்டு வேறு வலிமையுள்ள எக்ஸ்ரே கதிர்களை அனுப்பி, சதை தடுத்ததைக் கழித்துவிட்டு எலும்பு தடுத்ததை மட்டும் கணக்கிடுகிறது அந்த இயந்திரம். கதிர்வீச்சு மிகவும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் அன்றாடம் நம்மேல் படுகிறதே, அதில் ஒன்றிரண்டு நாள் அளவுதான்.

வருகிற தாளில் டி ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். நன்றாக வளர்ந்த இளம் வயது எலும்போடு நம் எலும்பை ஒப்பிடுவது அது. மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை நோய். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கணக்கு இது. எனக்கு முதுகில் மைனஸ் 2.4, இடுப்பில் தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.6. முதுகை மட்டும் பார்த்திருந்தால் தப்பித்துவிட்டதாக நினைத்திருப்பேன். நம் வயதில் முதுகெலும்பு ஓரங்களில் தேய்மானத்தால் முள் வளர்ந்திருக்கும், அதையும் இயந்திரம் அடர்த்தி என்றே எண்ணிவிடும் என்றார் டாக்டர். மூட்டு வலியையும் இதையும் சேர்த்தே எலும்புத் தேய்மானம் என்று ஊரில் சொல்கிறார்கள். மூட்டு வலித்தால் ஓடுகிறோம். இது முறியும்வரை வலிப்பதில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, மோர் எதையும் விடுவதில்லை. வெயிலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு எனக்கு வைட்டமின் டி-யும் குறைவாம். எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் விடிந்தது முதல் அடையும்வரை வீட்டுக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது இப்போது மனம் பதறுகிறது.

இரண்டு வருடம் கழித்து, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்ததும் போன மாதம் ஸ்கேனை மறுபடி எடுத்தேன். அதே இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டும், வேறு இயந்திரத்து எண்ணோடு ஒப்பிட முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதுகு மைனஸ் 2.1-க்கு வந்திருக்கிறது. இடுப்பு மைனஸ் 2.5. முதுகில் ஏறியது உண்மையான ஏற்றம், இடுப்பில் தெரிவது இயந்திரத்தின் பிழைக்குள் அடங்கிவிடும் வித்தியாசம் என்றார் டாக்டர். முதலில் முகம் வாடிவிட்டது எனக்கு. "இந்த வயதில் குறையாமல் நிற்பதே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அம்மா" என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை மடியில் பிரித்து வைத்துக்கொண்டே வந்தேன்.

சரோஜா, மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள் எலும்பைச் சோதித்தே ஆக வேண்டும். அதற்காக மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, அது வேறு ஆபத்து. உயரம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் ஸ்கேனோடு முதுகெலும்புப் படமும் எடுக்கச் சொல். அங்கே ஒரு எலும்பு நசுங்கியிருந்தால் எண் மைனஸ் 2.5-ஐத் தொடாவிட்டாலும் நோய் நோய்தான்.

1983-இல் நாம் வேலையில் சேர்ந்தபோது எழுதிய பணிப்பதிவேட்டின் நகலைப் பென்ஷன் கோப்பில் வைத்திருப்பாய். வட ஆற்காடு மாவட்டம் என்று போட்டது. முதல் பக்கத்திலேயே அங்க அடையாளத்தோடு உயரமும் இருக்கும். நீ என்னைவிட ஒரு விரற்கடை உயரம் என்று அன்று பீற்றிக்கொண்டாய். நாளைக் காலையில் செருப்பில்லாமல் கதவு நிலையை ஒட்டி நில். தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்து, மருமகளை பென்சிலால் கோடு போடச் சொல். அளந்து, இரண்டு எண்ணையும் எனக்கு எழுது. கடிதம் வர நாளாகும் என்றால் போனில் சொல்.

உன்,
வசந்தா