எட்டு நாள் கூலி

மகளுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. அவள் தூங்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, என்னைத் திட்டாத செவிலியர் அக்காவுக்கு. நான் முதன்முதலாகப் பரிசோதனைக்குப் போனதே ஐந்தாம் மாதத்தில்தான். போன இடத்தில், "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அப்புறம் அங்கே போகக் கால் வரவில்லை. நீங்களோ, "வேலை நின்றுகொண்டா, உட்கார்ந்தா?" என்று கேட்டீர்கள். கர்ப்ப காலத்தில் எட்டு முறையாவது பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் சொல்லிவருவதை உங்களிடம்தான் அறிந்தேன். எட்டு முறை என்றால் எனக்கு எட்டு நாள் கூலி. பரிசோதனை இலவசம், சரி. வரிசையில் போகும் நாளை யார் தருவது? இதைச் சொன்னதும் நீங்கள் பேசாமல் பென்சிலை எடுத்து, அடுத்து வரவேண்டிய தேதிகளை எல்லாம் என் வார விடுமுறைக்கு மாற்றி அட்டையில் எழுதினீர்கள்.

அடுத்தது பக்கத்து வீட்டு அத்தைக்கு. எட்டாம் மாதம் ஓர் இரவு தலைவலி மண்டையைப் பிளந்தது. மறுநாள் வேலை இருந்ததால் மாத்திரை போட்டுப் படுத்துவிடலாம் என்றிருந்தேன். "கண் மங்குதா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றதும் பெரியவனைத் தூக்கி உங்கள் வீட்டில் படுக்கவைத்துவிட்டு, மாமாவை வண்டி எடுக்கச் சொன்னீர்கள். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 160/110. சிறுநீரில் புரதம். வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாய்ச் சுட்டது. விடியும்வரை என் கையைப் பிடித்திருந்த இரவுப் பணிச் செவிலியரே, பெயர்கூடக் கேட்கவில்லை, மன்னியுங்கள்.

35-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள், இரண்டு கிலோ. நெஞ்சோடு அணைத்தே வளர்த்தேன்.

கடைசியாக, என்னோடு வேலை பார்க்கும் ஐந்து பேருக்கு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை 14 வாரப் பேறுகால விடுப்பு என்கிறது. தினக்கூலிக்காரிக்கு விடுப்பு என்றால் சம்பளம் இல்லாத நாள், அவ்வளவுதான். மேற்பார்வையாளர் பார்க்காதபோது என்னை உட்காரவைத்து, என் வேலையையும் சேர்த்துச் செய்தீர்கள். பிரசவமானதும் ஓர் உறை கொண்டுவந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஆளுக்கு ஒரு நாள் கூலி. பணம் அந்த மாதமே தீர்ந்துவிட்டது. உறையில் பாப்பாவின் தடுப்பூசி அட்டை இருக்கிறது.