பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் எந்த மண்டிக்குக் கணக்கு எழுதப் போனாலும் இதே புலம்பல்தான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு, விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கிடுங்க என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லிவிடுகிறார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஏன் எடைக்குப் போட வேண்டும்?

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டு, அதில் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, விண்டோஸில் ஓடும் நம் கணக்கு மென்பொருளான டேலிக்காக மட்டும் ஒரு விண்டோஸை உள்ளே ஓட்டலாம். மெயில், பேங்க், ஜிஎஸ்டி தளம் எல்லாம் வெளியே, லினக்ஸ் பிரவுசரில். உள்ளே இருப்பது அப்டேட் இல்லாத விண்டோஸ் என்பதால் அதற்கு நெட்டைத் துண்டித்தே வைக்க வேண்டும், டேலி லைசென்ஸ் வேலை இருக்கும்போது மட்டும் திறந்துவிட்டு உடனே மூடிவிடலாம். அப்புறம், ஃபார்மட் அடிக்கும் முன்பே டேலி லைசென்ஸை சரண்டர் செய்து, அதாவது பழைய விண்டோஸிலிருந்து விடுவித்து விடுங்கள், ஏனென்றால் உள்ளே ஓடுவதை டேலி வேறொரு கணினியாகத்தான் பார்க்கும். அந்த விண்டோஸுக்கும் முறையான லைசென்ஸ் வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது.

பலர் பாதியில் கைவிடுவது சின்ன விஷயங்களில்தான். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) விர்ச்சுவல்பாக்ஸுக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கும், பல பழைய பெட்டிகளில் அப்படித்தான் வருகிறது, அதை ஆன் செய்தால் சரி. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் யூஎஸ்பி கேபிளைச் செருகினாலும் உள்ளே இருக்கும் விண்டோஸில் அது தெரியாது. லினக்ஸில் நம் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி நுழைந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி பட்டியலில் வந்துவிடும், அதில் தேர்ந்தெடுத்தால் போதும். வேகமான யூஎஸ்பி 3 வேண்டும் என்று விர்ச்சுவல்பாக்ஸின் கூடுதல் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக்கை இறக்காதீர்கள். 7.0 பதிப்பிலிருந்து அந்த வசதி விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது, பேக்கை அலுவலகத்தில் பயன்படுத்த அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்திடம் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும்.

4 ஜிபி ரேமில் இதைச் செய்து பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள், இரண்டு ஓஎஸ்ஸும் சேர்ந்து மூச்சுத் திணறும். 8 ஜிபியாவது வேண்டும், எஸ்எஸ்டி இருந்தால் இன்னும் நல்லது. ரேம் ஏற்ற இடமே இல்லாத பெட்டி என்றால் கடைக்காரர் சொல்வதுதான் சரி, மாற்றிவிடுங்கள். மற்றவர்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை அவர் வாயைத் திறந்து சொன்னால் போதும், நிறுவித் தருவதற்குக் கூலி கேட்டாலும் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு கணக்கெழுத்தர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.